கையேடு முடியும் வரை

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். வாசலில் காவலாளியிடம் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், அப்படி யாரும் இங்கே இல்லை என்று சத்தியம் செய்வார். 'கையேடு சார்' என்று கேட்டுப் பாருங்கள், உடனே முகம் மலர்ந்து மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அறையைக் கைகாட்டுவார்.

அறை என்று மரியாதைக்குச் சொல்கிறோம். படிக்கட்டைக் கட்டி முடித்த பிறகு கீழே மிச்சப்பட்ட இடம் அது. வாசலில் நிமிர்ந்து நுழைபவர் நாற்காலிக்கு வருவதற்குள் குனிந்துவிட வேண்டும். அலமாரி வரை போவதென்றால் உட்கார்ந்தபடியே போவது நல்லது. ஜன்னல் கிடையாது. சைக்கிள் கொட்டகையைப் பார்த்தபடி மேலே ஒரு காற்றுத் துளை, அவ்வளவுதான். மணி அடித்ததும் மொத்தக் கல்லூரியும் அவர் தலைமேல் ஓடும். யார் இறங்குகிறார்கள் என்பதைச் செருப்புச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். மொழித்துறைத் தலைவர் படிக்குப் படி நின்று நிதானித்து இறங்குவார். கணிதத் துறைத் தலைவர் இரண்டு படியை ஒன்றாகத் தாண்டுவார். இந்த இரண்டு பேரும் சேர்ந்து இறங்கும் சத்தத்தை அவர் பல வருடங்களாகக் கேட்டதே இல்லை. அதற்குக் காரணமும் அவரேதான்.

ஒரு கல்லூரி வருடத்துக்கு எவ்வளவு காகிதத்தை அச்சடித்துத் தள்ளுகிறது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஆண்டு மலர், ஆண்டறிக்கை, சேர்க்கை விவரப் புத்தகம், பட்டமளிப்பு விழா மலர், துறைக்கொரு செய்திமடல், இவை போதாதென்று அழைப்பிதழ்கள். ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் தன் மனம்போன போக்கில் எழுதுவார். ஒரு வருடம் சிறப்பு விருந்தினராக வந்த தொழிலதிபரை மூன்றாம் பக்கத்தில் 'டாக்டர்' என்றும், ஐந்தாம் பக்கத்தில் 'திரு' என்றும், படத்துக்குக் கீழே 'மற்றும் பலர்' என்றும் போட்டுவிட்டார்கள். நூலகத்துக்கு மேல்தளம் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்த மனிதர் அவர். மலர் கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு தொலைபேசியைக்கூட எடுக்கவில்லை. நூலகம் இன்றைக்கும் ஒரே தளத்தோடுதான் நிற்கிறது.

அப்போதிருந்த முதல்வர் மேசையைத் தட்டிச் சொல்லிவிட்டார். இனி கல்லூரி வெளியிடும் எதுவாக இருந்தாலும் ஒரே நடையில் இருக்க வேண்டும். பெயரை எப்படிப் போடுவது, பட்டத்தை எங்கே போடுவது, தேதி, எண், படக்குறிப்பு என்று எல்லாவற்றுக்கும் விதி வகுத்து ஒரு நடைக் கையேடு வர வேண்டும். அதைத் தொகுக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாக வந்தவர்தான் நம்மவர். அதற்கு முன் ஒரு அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தார். அச்சகத்தை மூடிவிட்டதால் வீட்டில் இருந்தார்.

பணி ஆணையில் இப்படி இருந்தது: கல்லூரி வெளியீடுகளுக்கான நடைக் கையேடு நிறைவு பெற்று, குழுவினர் அனைவரும் கையொப்பமிடும் வரை இப்பணி நீடிக்கும். அதுவரை பணியாளரின் அசல் சான்றிதழ்கள் கல்லூரி அலுவலகத்தில் இருக்கும். அவர் பட்டச் சான்றிதழ் முதல் பள்ளிச் சான்றிதழ் வரை எல்லாவற்றையும் ஒரு நெகிழி உறையில் போட்டு அலுவலக மேலாளரிடம் கொடுத்தார். மேலாளர் அதை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவி மேலாளரின் இடுப்பில் ஏறியது.

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரே வருடத்தில் கையேட்டை எழுதி முடித்தார். படிக்கவே சுவையாக இருக்கும். எந்த விழாவைப் பற்றியும் 'இனிதே நிறைவுற்றது' என்று எழுதக் கூடாது என்று ஒரு விதி. மேடை சரிந்து இரண்டு பேராசிரியர்கள் காலில் கட்டுப் போட்டுக்கொண்ட விழாகூட முந்தைய மலரில் இனிதேதான் நிறைவுற்றிருந்தது. ஒரு அறிக்கையில் ஒருவருக்கு ஒரு முறைதான் 'அவர்கள்' என்று இன்னொரு விதி. படத்தில் இருப்பவர்களை இடமிருந்து வலமாகச் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் ஆள் ஆள்தான், விட்டுவிடக் கூடாது. 'மறைந்த' என்று ஒருவரைப் போடுவதற்கு முன் அவர் வீட்டுக்குத் தொலைபேசி செய்து கேட்டுவிட வேண்டும். இந்தக் கடைசி விதிக்குப் பின்னால் ஒரு முன்னாள் நூலகர் இருக்கிறார். நல்ல ஆரோக்கியமாக இருக்கிறார்.

துறைத் தலைவர்கள் அடங்கிய குழு ஒவ்வொரு பக்கமாகப் படித்துத் தலையசைத்தது. மொழித்துறைத் தலைவருக்கும் கணிதத் துறைத் தலைவருக்கும் ஒரே ஒரு இடத்தில்தான் சின்னப் பிணக்கு. பெயருக்கு முன்னால் அடைமொழி போடலாமா, கூடாதா என்பது. மொழியார் ஒரு விருந்தினருக்குக் குறைந்தது மூன்று அடைமொழியாவது போட்டால்தான் திருப்தி அடைவார். கணக்கருக்கு வெறும் பெயரே போதும். அதையும் விட்டுக்கொடுத்துப் பேசித் தீர்த்துக்கொள்ளும் நிலையில்தான் இருவரும் இருந்தார்கள். அடுத்த கூட்டத்தில் கையெழுத்து என்று முடிவானது.

அன்று மாலை அலுவலக மேலாளர் படிக்கட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்தார்.

"என்ன கையேடு சார், அடுத்த கூட்டத்துல கையெழுத்தாமே? நல்லது. அப்புறம் எங்க வேலை பாத்து வச்சிருக்கீங்க?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கையேடு முடிந்தால் வேலையும் முடிந்தது. வீட்டில் மனைவி செவிலியர் படிப்பைப் பாதிதான் முடித்திருக்கிறாள். மகள் கைக்குழந்தை. அச்சகங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன. இவ்வளவு கருத்தாக, இவ்வளவு சீக்கிரமாக எழுதித் தொலைத்த தன் கையையே அவர் வெறுப்போடு பார்த்தார்.

மறுநாள் தேநீர் வேளையில் மொழியார் பக்கத்தில் போய் நின்றார். தானாகப் பேச்சு வந்தது போலச் சொன்னார்:

"கணக்கு சார் சும்மா விளையாட்டுக்குத்தான் சொன்னாரு சார். உங்க துறை அறிக்கையில அடைமொழியை எல்லாம் எடுத்துட்டா தேதி மட்டும்தான் மிஞ்சும்னு."

மொழியார் கையில் இருந்த கோப்பை அப்படியே நின்றது. நம்மவர் அங்கிருந்து நகர்ந்து கணக்கரிடம் போனார்.

"மொழி சார் பெருசா ஒண்ணும் சொல்லல சார். எண்ணைத் தவிர எதையும் படிக்கத் தெரியாதவங்களை ஏன் நடைக் குழுவுல போட்டாங்கன்னு கேட்டாரு, அவ்வளவுதான்."

இரண்டுமே பச்சைப் பொய். சிண்டு முடிவது என்பார்களே, அந்தக் கலையில் அவர் அன்றுதான் கன்னி முயற்சி செய்தார். முதல் முயற்சிக்கே அமோக விளைச்சல். அடுத்த கூட்டத்தில் அடைமொழி என்ற சொல் எழுந்ததும் மொழியார் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார், கணக்கர் கையிலிருந்த காகிதக் கட்டை மேசையில் அறைந்தார். கையெழுத்து ஒத்திவைக்கப்பட்டது.

ஒரு ஆறு மாதம் தள்ளிப்போனால் போதும் என்றுதான் நினைத்தார். ஆனால் பயம் அப்படி விடாது. மனைவி படிப்பை முடிக்கும் வரை, பிறகு அவளுக்கு வேலை கிடைக்கும் வரை, பிறகு அந்த வேலை நிலைக்கும் வரை என்று நீண்டுகொண்டே போனது. சண்டை ஆறும்போதெல்லாம் இந்தப் பக்கம் ஒரு சொல், அந்தப் பக்கம் ஒரு சொல் என்று கொம்பு சீவிவிட்டார். போகப் போகச் சீவ வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. அவர்களாகவே முட்டிக்கொண்டார்கள். கணக்கர் எல்லா எண்ணும் எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்றார். மொழியார் ஆண்டைக்கூட எழுத்தில் எழுத வேண்டும் என்றார். ஒருவர் வரும் கூட்டத்துக்கு மற்றவர் வரமாட்டார். முதல்வர்கள் மாறினார்கள். புதிதாக வந்த ஒவ்வொரு முதல்வரும் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்துவிட்டு, இது நல்லா இருக்கே, ஏன் இன்னும் முடியல என்று அப்பாவியாகக் கேட்டார்.

அவர் மகிழ்ச்சியாக இருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். நட்பாக இருந்த இரண்டு பேரைப் பகையாளியாக்கிவிட்டோம் என்ற குற்ற உணர்வு அவர் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. படிக்கட்டில் ஒருவர் இறங்கும் சத்தம் கேட்டால், மற்றவர் மேலேயே நின்றுவிடுவது தெரியும். அந்த இடைவெளி முழுவதும் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார்.

இப்படியே மகள் ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். மனைவி பல ஊர்களில் கிளை உள்ள பெரிய மருத்துவமனையில் தலைமைச் செவிலியர் ஆனாள். ஆன கையோடு, பேருந்தில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய வேறொரு நகரத்துக்கு மாற்றினார்கள். மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டாள். நம்மவர் மட்டும் ஒரு வாடகை அறையில் தங்கி, படிக்கட்டுக்கு அடியிலிருந்து அந்த அறைக்கும் அந்த அறையிலிருந்து படிக்கட்டுக்கு அடிக்கும் நடந்துகொண்டிருந்தார். மாதம் ஒரு முறை ஊருக்குப் போவார். கதவைத் திறந்ததும் மகள் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் 'அப்பா' என்பாள். அந்த ஒரு கணம் அவரை அறுத்தது.

மனைவிதான் அந்த விளம்பரத்தைப் பார்த்தாள். அந்த நகரத்து நாளிதழுக்கு ஒரு மெய்ப்புத் திருத்துநர் தேவை. இவர் போய்த் தேர்வு எழுதினார். செய்தி ஆசிரியர் இவர் திருத்திய தாளைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாளா எங்க சார் இருந்தீங்க?" என்று கேட்டார். படிக்கட்டுக்கு அடியில் என்று சொல்ல நாக்கு எழவில்லை. மாதக் கடைசிக்குள் அசல் சான்றிதழ்களோடு வந்து சேரச் சொன்னார்கள். அசல் இல்லாமல் சேர்க்க மாட்டோம், அது எங்கள் வழக்கம் என்றும் சொன்னார்கள்.

திரும்பி வந்ததும் நேராக அலுவலக மேலாளரிடம் போனார்.

"என் சான்றிதழ் எல்லாம் வேணும் சார்."

"குடுக்கலாமே. யாரு வேணாம்னா? கையேடு முடிஞ்சிருச்சா?"

"முடியல. நான் விலகிக்கிறேன். எழுதித் தந்துடறேன்."

மேலாளர் அவருடைய பணி ஆணையைத் தேடி எடுத்து மேசையில் விரித்தார்.

"விலகறதுக்கு இதுல வழியே இல்லையே சார். முதல்ல இருந்துச்சு. 'அல்லது இரு தரப்பில் எவரேனும் ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுக்கும் வரை'ன்னு ஒரு வரி. நீங்கதானே அடிச்சீங்க?"

அவர்தான் அடித்தார். சேர்ந்த அன்று, மை காய்வதற்குள், தன் பணி ஆணையையே பிழை திருத்திக் கொடுத்த ஒரே மனிதர் உலகத்தில் அவராகத்தான் இருப்பார். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு முடிவு இருந்தால் படிப்பவர் குழம்புவார் என்று சொல்லிப் பின்பாதியை வெட்டினார். வாக்கியம் உண்மையிலேயே அழகாகிவிட்டது. கல்லூரி தன்னை முன்னறிவிப்புக் கொடுத்து அனுப்பிவிட முடியாது என்ற சின்னக் கெட்டிக்காரத்தனமும் அதில் ஒளிந்திருந்தது. அப்போதைய முதல்வர் அவர் திருத்தத்தைப் பார்த்து அசந்து போய்ப் புது ஆணை அடித்துக் கொடுக்கச் சொன்னார்.

"முதல்வர் மேடத்தைப் பாருங்க," என்றார் மேலாளர், இரக்கத்தோடு. "ஆனா அவங்களும் இதையேதான் சொல்வாங்க. நீங்க எழுதின விதியை நீங்களே மீறலாமான்னு கேப்பாங்க."

முதல்வர் அம்மா அதையேதான் கேட்டார்.

வேறு வழி இல்லை. கையேட்டை முடித்தாக வேண்டும். கையேடு முடிய வேண்டுமென்றால் மொழியாரும் கணக்கரும் ஒரு மேசையில் உட்கார வேண்டும். வருடக்கணக்காகப் பிரித்து வைத்தவர்களை மாதக் கடைசிக்குள் சேர்த்து வைக்க வேண்டும். தனக்குத் தெரிந்த ஒரே வித்தையைத் தலைகீழாகச் செய்து பார்ப்பது என்று முடிவெடுத்தார்.

கணக்கரிடம் போனார்.

"மொழி சார் சொன்னாரு சார். கல்லூரியிலேயே உங்க துறை அறிக்கையை மட்டும்தான் ஒரே மூச்சுல படிக்க முடியுதாம்."

கணக்கர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அவரா? என்ன வேணுமாம் அவருக்கு?"

"ஒண்ணும் வேணாம் சார். தானாத்தான் சொன்னாரு."

மொழியாரிடம் போனார். "கணக்கு சார் போன வருஷ மலர்ல உங்க முன்னுரையை ரெண்டு தடவை படிச்சாராம் சார்."

"தப்பு கண்டுபிடிக்கவா?"

"இல்ல சார். நல்லா இருந்துச்சாம்."

மொழியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எந்தப் பத்தின்னு சொன்னாரா?" என்று கேட்டார். பாருங்கள், எழுதுகிற எவருக்கும் இது ஒரு பலவீனம். நம்மவர் முன்னுரையை ஒரு முறை புரட்டிப் பார்த்து, மூன்றாம் பத்தி என்று அடித்துவிட்டார்.

இரண்டு வாரம் இப்படிப் பொய்யால் தடவிக் கொடுத்ததில் பகை மெல்ல மெல்ல இளகியது. ஒரு மழை நாளில் குடை கொண்டுவராத மொழியாரை, கணக்கர் தன் குடைக்குள் அழைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை போனதாகக் காவலாளி வந்து சொன்னார். நம்பவே முடியவில்லை நம்மவரால். கதவருகே நின்று அந்த மழையைப் பார்த்தபோது கண் கலங்கியது. போகிறபோது இந்தப் பாவத்தையும் கழுவிவிட்டுத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

கூட்டம் கூடியது. இருவரும் அருகருகே உட்கார்ந்தார்கள். வருடக்கணக்காக நின்றுபோன விதிகள் மளமளவென்று நகர்ந்தன. எண்கள் பத்து வரை எழுத்தில், அதற்கு மேல் எண்ணில். ஒப்புதல். பட்டங்கள் பெயருக்குப் பின்னால். ஒப்புதல். நம்மவர் மேசைக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு மனைவிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்: அடுத்த வாரம் வந்துடறேன்.

மிச்சம் இருந்தது அடைமொழி ஒன்றுதான்.

"அடைமொழி இருந்துட்டுப் போகட்டுமே," என்றார் கணக்கர். "வர்ற விருந்தாளிக்கு ஒரு மரியாதை. நான்தான் இத்தனை நாள் பிடிவாதமா இருந்துட்டேன்."

"சேச்சே," என்றார் மொழியார். "நீங்க சொன்னதுதான் சரி. பெயர்தான் பெருமை. முன்னால எதுக்கு அலங்காரம்? எடுத்துடலாம்."

"இல்ல சார், உங்க அனுபவத்துக்கு முன்னாடி..."

"உங்க தெளிவுக்கு முன்னாடி நான் எம்மாத்திரம்?"

ஒருவர் தோள்மேல் ஒருவர் கை வைத்துக்கொண்டு, ஒருவர் கட்சியை மற்றவர் பேசினார்கள். சண்டை போட்டபோதாவது அவரவர் பேச்சில் அவரவர் நின்றார்கள். இப்போது இருவரும் விட்டுக்கொடுப்பதில் விடாப்பிடியாக நின்றார்கள். நம்மவர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, ஏதாவது ஒன்றை எழுதித் தொலையுங்களேன் என்று மனதுக்குள் கதறினார். இதைப் பற்றி இருவரும் தனியாகப் பேசிவிட்டு வருவதாகச் சொன்னதால் கூட்டம் தள்ளிப்போனது. முதல்வர் அம்மாவுக்கு ஒரே பூரிப்பு.

தனியாகப் பேசினார்கள். பேசியதில் பழைய கதையெல்லாம் வெளியே வந்தது. நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்று ஒருவர் சொல்ல, நானும் சொல்லவில்லை என்று மற்றவர் சொல்ல, முடிச்சு அவிழ்ந்துவிட்டது. மறுநாள் காலை கணக்கர் அறைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. இவர் உள்ளே போனபோது இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மேசைமேல் மூன்று கோப்பைத் தேநீர்.

"உக்காருங்க," என்றார் கணக்கர். "அடைமொழியை எடுத்துட்டா தேதிதான் மிஞ்சும்னு நான் சொன்னேனா?"

அவர் மேசைமேல் இருந்த தேநீரையே பார்த்தார்.

"எண்ணைத் தவிர எதுவும் படிக்கத் தெரியாதுன்னு நான் சொன்னேனா?" என்றார் மொழியார்.

"இல்ல சார்," என்றார். "நான்தான் சொன்னேன். என் மனைவி படிச்சிட்டிருந்தா சார். குழந்தை சின்னது. நீங்க கையெழுத்துப் போட்டுட்டா எனக்கு வேலை போயிடும். வேற எதுவும் தோணல. மன்னிச்சிடுங்க."

சொல்லி முடித்ததும் ஒரு விசித்திரமான நிம்மதி அவருக்கு. திட்டுவார்கள், முதல்வரிடம் சொல்வார்கள், வேலையை விட்டுத் துரத்துவார்கள். துரத்தினால் சான்றிதழைக் கையில் கொடுத்துத்தானே ஆக வேண்டும்? அவமானப்பட்டாவது வெளியே போய்விடலாம். திட்டுங்கள், நன்றாகத் திட்டுங்கள் என்று தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார்.

திட்டு விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால் மொழியார் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு மனுஷன் தன் வேலையைக் காப்பாத்திக்க இவ்வளவு தூரம் போக வேண்டியிருந்திருக்கு. அது தெரியாம நாங்க ரெண்டு பேரும் அடைமொழிக்கு அடிச்சுக்கிட்டிருந்தோம். தப்பு உங்க மேல மட்டும் இல்ல."

"சேத்து வச்சதும் நீங்கதானே?" என்றார் கணக்கர். "குடிங்க, டீ ஆறிடப் போகுது. இனிமே உங்க வேலைக்கு நாங்க பொறுப்பு."

"இல்ல சார், எனக்கு இப்ப வேற ஒரு இடத்துல..."

"ஒண்ணும் பேசாதீங்க. நாங்க பாத்துக்கறோம்."

இந்த இடத்தில் அவர் வாயைத் திறந்திருக்க வேண்டும். எனக்கு உங்கள் வேலை வேண்டாம், போக விடுங்கள் என்று போட்டு உடைத்திருக்க வேண்டும். உங்களுக்கும் எனக்கும் இது சுலபமாகத் தெரிகிறது. பொய் சொல்லி இரண்டு பேருடைய நட்பைத் தின்றவன், அவர்கள் மன்னித்துத் தேநீர் ஊற்றிக் கொடுக்கும்போது, உங்கள் கருணை எனக்குத் தேவையில்லை என்று எப்படிச் சொல்வான்? தேநீரைக் குடித்தார்.

மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கும்போது முதல்வர் அம்மா குழுவைத் தன் அறைக்கே அழைத்தார். மேசையில் பூ வைத்திருந்தார்கள். நம்மவர் உள்ளே வந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். எதற்கென்று தெரியாமல் அவரும் இரண்டு தட்டுத் தட்டினார்.

"துறைத் தலைவர்கள் ரெண்டு பேரும் ஒரு யோசனை சொல்லியிருக்காங்க," என்றார் முதல்வர் அம்மா. "கையேட்டை அவசரப்பட்டு முடிக்க வேண்டாம்னு. இப்ப இருக்கறது முதல் பாகம். விடுதி அறிவிப்பு, ஆய்வேடு, இணையப் பக்கம் எல்லாத்துக்கும் சேத்து ரெண்டாம் பாகம் போடலாம். வருஷா வருஷம் திருத்தவும் வேணும். அதனால நிர்வாகத்துல பேசி உங்க பணியை நிரந்தரம் ஆக்கிட்டோம். ரெண்டு சாரும் நடையா நடந்தாங்க உங்களுக்காக."

நிரந்தரம். இந்த ஒரு சொல்லுக்காக எத்தனை வருடம் ஏங்கியிருக்கிறார். கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த நாட்களில், இந்தச் சொல்லை ஒருவர் சொன்னால் காலில் விழுந்து கும்பிட்டிருப்பார். இப்போது அது காதில் விழுந்தபோது காலடியில் தரை நழுவியது.

ஆணையை நீட்டினார்கள். ஐந்து வருடத்துக்கு விலக மாட்டேன் என்ற உறுதிமொழி ஒன்று. அசல் சான்றிதழ்கள் தொடர்ந்து அலுவலகத்தில் இருக்கும் என்று ஒரு வரி. வாக்கியம் ஒவ்வொன்றும் சுத்தமாக இருந்தது. அவருடைய கையேட்டைப் பார்த்து எழுதியிருந்தார்கள்.

"மேடம், என் மனைவி வேற ஊர்ல இருக்கா. பொண்ணும் அங்கதான்..."

"அவங்களை இங்க மாத்தல் வாங்கிட்டு வரச் சொல்லுங்க," என்றார் மொழியார் உற்சாகமாக. அந்த மருத்துவமனையின் இந்த ஊர்க் கிளையில் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள் என்பதை அவர் எப்படி அறிவார்?

"கையெழுத்துப் போடுங்க சார்," என்று கணக்கர் தன் பேனாவைத் திறந்து கொடுத்தார். அந்தப் பெரிய மனிதரின் முகம் சின்னப் பிள்ளையின் முகம்போல இருந்தது. ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட சந்தோஷம் அதில் தெரிந்தது. மொழியாரும் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். மாட்டேன் என்று சொன்னாலும் சாவி மேலாளர் இடுப்பில்தான் இருக்கிறது. சொல்லாவிட்டாலும் அங்கேதான். அவர் கை தானாகப் போய்ப் பேனாவை வாங்கிக்கொண்டது.

கையெழுத்துப் போட்டார். மறுபடியும் கை தட்டினார்கள்.

படிக்கட்டுக்கு அடியில் வந்து உட்கார்ந்து வெகுநேரம் கழித்துத்தான் வீட்டுக்குத் தொலைபேசி செய்தார். மனைவி எடுத்தாள். பின்னால் ஏதோ சாமான் நகர்த்தும் சத்தம் கேட்டது.

"சான்றிதழ் வாங்கிட்டீங்களா? எந்த பஸ்ல வர்றீங்க?"

"வாங்கல," என்றார். "நிரந்தரம் பண்ணிட்டாங்க."

"வேணாம்னு சொல்லிட்டு வந்துருங்களேன்," என்றாள் மனைவி. "சான்றிதழே வேணாம். நான் என்ன சான்றிதழைப் பாத்தா உங்களைக் கட்டிக்கிட்டேன்? அந்தப் பேப்பர் வேலை இல்லன்னா வேற ஒண்ணு. வந்துருங்க."

"கையெழுத்துப் போட்டுட்டேன்."

"எதுல?"

"அஞ்சு வருஷத்துக்கு."

அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் அழவில்லை. கோபப்படவும் இல்லை. இரவுப் பணி முடித்துவிட்டு வருபவளின் குரலில், "அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க. என்னால முடியாது," என்று சொல்லிவிட்டு மகளிடம் கொடுத்தாள்.

"அப்பா!" மகளுக்கு மூச்சு வாங்கியது. "கூடத்துல இருக்கற அலமாரி இருக்குல்ல? அதுல மேல் ரெண்டு தட்டும் உங்களுக்கு. என் புத்தகத்தை எல்லாம் கட்டிலுக்கு அடியில வச்சுட்டேன். தொடச்சு, பேப்பர் எல்லாம் விரிச்சு வச்சிருக்கேன். எப்பப்பா வர்றீங்க?"

அவர் சொன்னார். எப்படிச் சொன்னார் என்று அவருக்கே பிறகு நினைவில்லை. கல்லூரி என்றார், நிரந்தரம் என்றார், மாதம் ஒரு முறை வருவேன், இனிமேல் இரண்டு முறைகூட வரப் பார்க்கிறேன் என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேலே மணி அடித்தது. நூறு கால்கள் படிக்கட்டில் இறங்கின. அவர் இன்னொரு காதைப் பொத்திக்கொண்டார்.

சத்தம் அடங்கியபோது மகள் இன்னும் தொலைபேசியில்தான் இருந்தாள்.

"அப்போ," என்று மெல்லக் கேட்டாள், "என் புத்தகத்தைத் திரும்ப அங்கேயே வச்சுக்கட்டுமாப்பா?"

"வச்சுக்கோம்மா," என்றார்.